குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலின் இனப்பெருக்கமும் குட்டி வளர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் ஊர்களிலும் நகரங்களிலும் பொழுது சாய்ந்ததும் கொய்யா, சப்போட்டா, நாட்டு வாதுமை மரங்களைச் சுற்றிவரும் சிறிய வௌவால் பெரும்பாலும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலாகத்தான் இருக்கும். பகலில் அது நெட்டிலிங்க மரத்தின் இலைகளுக்குள்ளோ பனையின் காவோலைகளுக்கு அடியிலோ ஓசையின்றித் தொங்கிக்கொண்டிருப்பதால் ஒரே வளவில் பல ஆண்டுகள் வாழ்ந்தாலும் கண்ணில் படுவதில்லை. குட்டிபோடும் பருவத்தில்தான், மரத்தடியில் ஒரு குட்டி விழுந்து கிடக்கும்போதோ தாயின் மார்பில் தொங்கும் குட்டியைப் பார்க்க நேரும்போதோ, அதைப் பற்றிய கேள்விகள் எழுகின்றன. இங்குள்ள விடைகளுக்குப் பெரும்பாலும் பாளையங்கோட்டை, மதுரை, புனே ஆகிய ஊர்களை மையமாகக் கொண்டு நடந்த ஆய்வுகளே அடிப்படை.

இது ஆலமரங்களில் நூற்றுக்கணக்கில் தொங்கும் பெரிய வௌவாலின் குட்டியா?

இல்லை, இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஆலமரத்திலும் மருத மரத்திலும் பகல் முழுவதும் இரைச்சலிட்டுக்கொண்டு தொங்குவது இந்தியப் பெரும் பழந்தின்னி. அதன் சிறகு விரிப்பு 1 மீட்டருக்கும் மேல். குறுமூக்குப் பழந்தின்னி முழு வளர்ச்சி அடைந்த பிறகும் 40 முதல் 50 கிராம் எடைதான் இருக்கும். அதன் முன்கை எலும்பின் நீளம் சுமார் 7 சென்டிமீட்டர். காது மடல்களின் ஓரத்தில் வெண்மையான கரை ஓடுவதையும், வளர்ந்த ஆணின் கழுத்தைச் சுற்றி செம்மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் படர்ந்திருப்பதையும் கொண்டு இதை எளிதில் அடையாளம் காணலாம்.

சைனோப்டெரஸ் ஸ்பிங்ஸ் என்பது இதன் அறிவியல் பெயர். இலங்கை, இந்தியா தொடங்கித் தென்சீனம், தென்கிழக்கு ஆசியா வரை இது பரவியிருந்தாலும், அறிவியல் உலகுக்கு இதை அறிமுகம் செய்த முதல் மாதிரி நம் தரங்கம்பாடியிலிருந்து சென்றது. அவ்வூர் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1797ஆம் ஆண்டில், மார்ட்டின் வால் என்ற இயற்கையியலாளர் இதற்குப் பெயரிட்டு விவரித்தார்.

ஆண்டுக்கு எத்தனை முறை, எந்தெந்த மாதங்களில் குட்டி போடும்?

ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குட்டி. முதல் ஈற்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிகழ்கிறது. இரண்டாவது ஜூன், ஜூலையில் நிகழ்ந்து சில இடங்களில் ஆகஸ்ட் வரை நீள்கிறது. ஒரு வட்டாரத்துப் பெண் வௌவால்கள் பெரும்பாலும் ஒரே சமயத்தில் ஈனுகின்றன என்பதால் அந்தச் சில வாரங்களில் எங்கு பார்த்தாலும் குட்டி சுமந்த தாய்களாகத் தெரியும். மற்ற மாதங்களில் தேடினாலும் ஒரு குட்டி கிடைப்பது அரிது.

குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் கருத்தரிக்குமா?

ஆம். இந்த இனத்தின் இனப்பெருக்கத்தைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல் என்று சொல்லலாம்.

மார்ச் மாதத்தில் ஈன்ற பெண், ஈன்ற சில நாட்களுக்குள்ளாகவே மீண்டும் இணைசேர்ந்து கருவுறுகிறது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் அதன் மார்பில் பால் குடிக்கும் குட்டி ஒன்றும் வயிற்றில் வளரும் கரு ஒன்றுமாக, ஒரே உடல் இரண்டு உயிர்களுக்கு ஒரே நேரத்தில் உணவளிக்க வேண்டியிருக்கிறது. முதல் குட்டி பால் மறந்து தானாகப் பறக்கத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் இரண்டாவது குட்டி பிறக்கும். ஜூலை ஈற்றுக்குப் பின்பு இந்த அவசரம் இருப்பதில்லை. தாய் அக்டோபர் வாக்கில்தான் அடுத்த கருவைத் தாங்குகிறது. ஆண்டில் கருவும் பாலும் இல்லாமல் பெண்ணின் உடலுக்குக் கிடைக்கும் ஓய்வு என்று பார்த்தால், குட்டி பால் மறந்த பிறகு அடுத்த கருவுறுதல் வரையிலான அந்தச் சில வாரங்களைத்தான் சொல்ல முடியும்.

இதற்கு ஏற்ற அமைப்பும் அதன் உடலில் உள்ளது. கருப்பை இரண்டு கொம்புகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு முறை வலக்கொம்பில் கரு வளர்ந்தால் மறுமுறை இடக்கொம்பில் வளர்வதே வழக்கம். ஈன்ற கொம்பு பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்று புதிய கருவை ஏற்க ஆயத்தமாக இருக்கிறது.

இரண்டு கர்ப்பங்களும் ஒரே கால அளவு கொண்டவையா?

ஒரே தாய், ஒரே இனம், ஒரே எடையுள்ள குட்டி என்றாலும் கால அளவு மாறுபடுகிறது. கோடையில் தாங்கும் கர்ப்பம் நான்கு மாதங்களில், அதாவது ஏறத்தாழ 120 முதல் 125 நாட்களில் முடிந்துவிடுகிறது. அக்டோபர் வாக்கில் தொடங்கும் குளிர்காலக் கர்ப்பமோ ஐந்து மாதங்கள் வரை நீள்கிறது.

காரணம், குளிர்காலக் கரு தொடக்க நிலையில் சில வாரங்கள் வளர்ச்சியைத் தணித்துக்கொண்டு மிக மெதுவாகவே முன்னேறுவதுதான். வாரணாசியில் இந்த இனத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள், அந்தப் பருவத்தில் பெண் தன் உடலில் கொழுப்பைச் சேர்த்துவைப்பதையும், சுரப்பிகளில் அதையொட்டி ஏற்படும் மாற்றங்கள் கருவின் வேகத்தைக் குறைப்பதையும் காட்டியிருக்கிறார்கள். குளிர் விலகும் வேளையில் கரு வழக்கமான வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்தத் தாமதத்தின் பயன் ஈற்று நாளில் தெரிகிறது: குளிர் விலகுமுன்பே பிறந்துவிடாமல், வேனிற்காலப் பூக்களும் பழங்களும் தொடங்கும் நேரத்தில் குட்டி பிறக்கிறது. இலுப்பை பூப்பதும், அடுத்து மா பழுப்பதும், அதன் பின் நாவல் உதிர்வதும் தாய்க்குப் பால் சுரக்க வேண்டிய காலத்தோடு ஒத்துப்போவது தற்செயல் என்று சொல்ல முடியவில்லை.

எலியைப் போல ஏன் பல குட்டிகள் போடுவதில்லை?

பறக்கும் உடலில் சுமைக்கு இடமில்லை என்பதுதான் முதற்காரணம். பிறக்கும் குட்டியின் எடை 11 முதல் 13 கிராம் வரை இருக்கும். இது தாயின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய் இந்த எடையை வயிற்றில் சுமந்து பறக்கிறது. பிறந்த பின் அதே எடையை மார்பில் சுமந்து பறக்கிறது. இன்னொரு குட்டி இருந்தால் அது தரையை விட்டு எழும்புவதே அரிதாகிவிடும்.

இரண்டாவது காரணம் பாலூட்டும் காலம். எலிக்குட்டி சிறியதாக இருக்கும்போதே ஓடித் திரிந்து இரை தேட முடியும். வௌவால் குட்டியின் நிலை வேறு: சிறகு எலும்புகள் ஏறக்குறைய முழு நீளத்தை எட்டும்வரை அது பறக்க இயலாது, பறக்க இயலாதவரை அதற்குத் தனி உணவு கிடையாது. ஆகவே குட்டியைக் கிட்டத்தட்ட பெரியதாக்கும் அளவுக்குத் தாய் தன் உடலிலிருந்தே ஊட்ட வேண்டியிருக்கிறது.

கூடாரம் கட்டும் வௌவால் என்று சொல்வது உண்மையா? கட்டுவது தாயா?

உண்மைதான், ஆனால் கட்டுவது ஆண்.

பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரியைச் சேர்ந்த பாலசிங்கும் கோயில்ராஜும் அமெரிக்க வௌவால் அறிஞர் தாமஸ் குன்ஸுடன் சேர்ந்து 1995இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. அவர்கள் கவனித்தவை நெட்டிலிங்க மரமும், மாடிகளிலிருந்து கீழே தொங்கும்படி வளர்க்கப்படும் கர்ட்டன் கொடியும். தனித்து வாழும் ஓர் ஆண், அடர்ந்த தழைக்குள் ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, இரவு தோறும் சிறு தண்டுகளையும் இலைக்காம்புகளையும் பல்லால் கடித்துத் துண்டிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஒரு குடைவு உருவாகிறது: மேலும் பக்கங்களும் இலைகளால் மூடியிருக்க, கீழே மட்டும் திறந்திருக்கும் குடைவு. வேலை முடிய ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். கடித்த தண்டுகளின் மீது ஆண் தன் உமிழ்நீரைப் பூசிவைப்பதும் பதிவாகியிருக்கிறது.

நெட்டிலிங்கத்தின் கிளைகள் தண்டை ஒட்டியே கீழ்நோக்கித் தொங்குவதால் இயல்பாகவே மழையும் வெயிலும் உள்ளே நுழைவதில்லை. வௌவால் அதற்குள் ஓர் அறையை ஒதுக்கிக்கொண்டால் போதும். பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் வேலியோரமாக இந்த மரத்தை வரிசையாக நட்டுவைத்திருக்கும் நாம், நம்மை அறியாமலேயே இந்த இனத்துக்கு வீட்டுமனைகளை ஒதுக்கித் தந்திருக்கிறோம்.

பனையில் கழிக்கப்படாமல் தொங்கும் காவோலைகளுக்குள்ளும் அது தங்கும். கூந்தற்பனையில் செய்யும் வேலைதான் மிக நேர்த்தியானது. அந்த மரத்தின் காய்க்குலை நூற்றுக்கணக்கான சரங்களாகத் தொங்கும். ஆண் வௌவால் நடுவிலுள்ள சரங்களை மட்டும் கடித்து உதிர்த்துவிட்டு வெளிச்சரங்களை அப்படியே விட்டுவிடுவதால், வெளியே பார்ப்பவருக்குக் குலை முழுமையாகத் தெரியும், உள்ளேயோ மணியின் உட்புறம் போன்ற வெற்றிடம் இருக்கும். புனேயில் எச். ஆர். பட்டும் குன்ஸும் இதை 1995இல் விவரித்தார்கள்.

ஒரு கூடாரத்தில் எத்தனை வௌவால்கள் இருக்கும்?

ஓர் ஆணும் அதனுடன் பல பெண்களும் அவற்றின் குட்டிகளும் இருக்கும். பெண்களின் எண்ணிக்கை ஒன்றிரண்டாகவும் இருக்கலாம், ஒரு டஜனைத் தாண்டியும் போகலாம். இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப அது மாறுகிறது. கூடாரம் கிடைக்காத ஆண்கள் பக்கத்து மரங்களில் தனியாகவோ சிறு குழுக்களாகவோ தங்குகின்றன. வளர்ந்த ஆண்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான்.

இதை நிலையான குடும்பம் என்று எண்ணிவிடக் கூடாது. பெண்கள் ஒரு கூடாரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்கின்றன. ஒரு பருவத்தில் சேர்ந்திருந்த பெண்கள் அடுத்த பருவத்தில் வேறோர் ஆணின் கூடாரத்தில் சேர்ந்து காணப்படுவதும் உண்டு. ஆணுக்கு இருக்கும் பிடிமானம் கூடாரத்தின் மீதுதான். அதைவிட்டு வெகுதூரம் போகாமல் அருகிலேயே இரை தேடுவதும், இரவில் அடிக்கடி திரும்பிவருவதும் அதனால்தான். தன் கூடாரத்தை இன்னோர் ஆண் பிடித்துக்கொண்டால் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

கூடாரத்தில் பிறக்கும் குட்டிகள் எல்லாவற்றுக்கும் அந்த ஆண்தான் தந்தையா?

பெரும்பாலும் ஆம், முழுக்க அல்ல. 1990களின் பிற்பகுதியில் புனேயில் ஜே ஸ்டோர்ஸ், பட், குன்ஸ் ஆகியோர் மரபணுச் சோதனை மூலம் தந்தைவழியை ஆராய்ந்தபோது, கூடாரத்து ஆண்களே பெரும்பங்குக் குட்டிகளுக்குத் தந்தை என்பதும், வெளி ஆண்களுக்கும் ஓரளவு பங்கு இருப்பதும் தெரியவந்தது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மார்ச் மாதத்தில் பெண் ஈன்ற கையோடு கருவுறுவதால், ஈற்று நேரத்தில் எந்த ஆண் கூடாரத்தை வைத்திருக்கிறதோ அதற்கே ஜூலைக் குட்டிகளின் தந்தையாகும் வாய்ப்பு மிகுதி. அதாவது, அந்த ஆண் காவல் காக்கும் கூடாரத்தில் தொங்கும் மார்ச் மாதக் குட்டிகள் அக்டோபரில் அந்தப் பெண்கள் வேறோர் ஆணுடன் இருந்தபோது உருவானவையாகவும் இருக்கலாம்.

இணைசேர்தல் எப்படி நிகழ்கிறது?

கூடாரத்துக்குள் தலைகீழாகத் தொங்கியபடியே, ஆண் பெண்ணைப் பின்புறமிருந்து அணைத்துக்கொள்ள, இணைவு நிகழ்கிறது. அந்த வேளையில் பெண் தலையை வளைத்து ஆணின் உறுப்பை நக்குவதையும், அப்படி நக்கும்போது இணைவு நீண்ட நேரம் நிலைப்பதையும் சீன ஆய்வாளர்கள் 2009இல் பதிவுசெய்தார்கள். அந்த ஆய்வுக்கு மறு ஆண்டே நகைச்சுவை நோபல் என்று அறியப்படும் இக் நோபல் பரிசு வழங்கப்பட்டதால் பலர் அதைச் சிரிப்புக்குரிய செய்தியாகவே அறிந்திருக்கிறார்கள். மனிதரல்லாத பாலூட்டிகளில் இத்தகைய நடத்தை அரிதாகவே பதிவாகியிருப்பதால் அந்தக் கவனிப்புக்கு மதிப்பு உண்டு.

பிறந்த குட்டியைத் தாய் எப்படித் தாங்குகிறது?

தாயின் பால்காம்புகள் மார்பின் இருபுறமும் அக்குளை ஒட்டி அமைந்துள்ளன. குட்டி பிறந்தவுடனே தன் கால் நகங்களால் தாயின் உரோமத்தைப் பற்றி ஏறி, ஒரு காம்பை வாயில் கவ்விக்கொள்கிறது. வௌவால் குட்டிகளின் பால்பற்கள் மெல்லுவதற்கானவை அல்ல. உள்நோக்கி வளைந்த சிறு கொக்கிகளான அவை காம்பைப் பற்றித் தொங்குவதற்கே பயன்படுகின்றன. தாய் பறக்கும்போது குட்டி விழாமல் இருப்பதற்கு இந்தப் பற்களும் கால் நகங்களும் சேர்ந்த பிடியே காரணம். தொங்கி ஓய்வெடுக்கும்போது தாய் தன் சிறகால் குட்டியைப் போர்த்திக்கொள்ளும்.

தொடக்க நாட்களில் இரை தேடும் இடத்துக்கும் குட்டியைச் சுமந்தே செல்கிறது. குட்டி கனத்த பின்பு அதைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு, இரவில் இடையிடையே வந்து பாலூட்டிச் செல்கிறது. ஒரே கூடாரத்தில் பல குட்டிகள் இருந்தாலும் தன் குட்டியைக் குரலாலும் மணத்தாலும் பிரித்தறிகிறது. பழந்தின்னி வௌவால்களுக்கு மோப்ப ஆற்றல் மிகக் கூர்மையானது. பூச்சியுண்ணும் வௌவால்களைப் போல இவை தொண்டையொலி எழுப்பி எதிரொலியால் வழி காண்பதில்லை, கண்ணையும் மூக்கையும் நம்பியே வாழ்கின்றன.

குட்டி எத்தனை நாளில் பறக்கும்?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மாரிமுத்துவின் குழுவில் இளங்கோவனும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த இனத்தின் குட்டிகள் பிறந்தது முதல் வளரும் விதத்தை அளந்து பதிவுசெய்திருக்கிறார்கள். அதன்படி முதல் 25 நாட்கள் குட்டி இடத்தைவிட்டு அசையவே விரும்புவதில்லை. சுமார் 40ஆம் நாளில் தொங்கியபடியே சிறகடிக்கத் தொடங்குகிறது. 45ஆம் நாள் வாக்கில் தடுமாறித் தடுமாறிப் பறந்து மெதுவாகத் திரும்பவும் கற்றுக்கொள்கிறது. இடைவிடாமல் பறக்க 55 நாட்கள் ஆகின்றன.

சிறகு வளரும் ஒழுங்கும் கவனிக்கத் தக்கது. பிறக்கும்போது சிறகின் உட்பகுதியைவிட விரல் எலும்புகள் தாங்கும் வெளிப்பகுதி குறைந்த வளர்ச்சியுடன் இருக்கிறது. பிறந்த பிறகு அந்த வெளிப்பகுதியே அதிக வேகத்தில் வளர்ந்து ஈடுகட்டிவிடுகிறது. பறத்தலில் முன்னோக்கி உந்துவது அந்தப் பகுதியே. முதல் ஐந்து வாரங்களில் உடல் எடையைவிட விரைவாகச் சிறகின் பரப்பு விரிவதால், சிறகின் ஒவ்வோர் அங்குலமும் தாங்க வேண்டிய சுமை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. முதல் சிறகடிப்பு அதையடுத்துத் தொடங்குவது பொருத்தமே.

பழத்தை மட்டும் தின்று எப்படிப் பால் சுரக்க முடிகிறது?

பழத்தில் சர்க்கரையும் நீரும் மிகுதி. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. பால் சுரக்கவும் குட்டியின் நீண்ட எலும்புகளை உருவாக்கவும் அவ்விரண்டுமே தேவை. இந்த வௌவால் பழங்களோடு இலைகளையும் தின்பது பலருக்கும் தெரியாது. இலையை மென்று சாற்றை மட்டும் விழுங்கிவிட்டு நாரைச் சக்கையாக உமிழ்ந்துவிடும். தென்தமிழ்நாட்டில் இது தின்னும் பழங்களையும் இலைகளையும் ஒப்பிட்டு நடத்திய வேதியியல் ஆய்வு ஒன்று, இலைகளில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பழங்களைவிட மிகுந்திருப்பதைக் காட்டியது. காலையில் மரத்தடியில் கிடக்கும் உலர்ந்த சிறு பச்சை உருண்டைகளை எச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் இந்த இலைச் சக்கைகளே.

குட்டி வளர்ப்பில் தந்தைக்குப் பங்கு உண்டா?

நேரடியாக இல்லை. ஆண் குட்டிக்கு உணவு கொண்டுவருவதில்லை, சுமப்பதும் இல்லை. அது கட்டிய கூடாரத்தில் குட்டி மழை நனையாமல், பகல் வேட்டைப் பறவைகளின் கண்ணில் படாமல் வளர்கிறது என்பதே அதன் பங்களிப்பு. அதையும் அது பெண்களை ஈர்க்கவே செய்கிறது என்பதால் தந்தைப் பாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த மலேசியாவின் டயாக் பழந்தின்னி வௌவாலில், 1992இல் பிடிபட்ட ஆண்களின் மார்பில் பால் சுரந்திருந்தது கண்டறியப்பட்டு உலகெங்கும் பேசப்பட்டது. குறுமூக்குப் பழந்தின்னி ஆண்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

எதைத் தின்ன வேண்டும் என்பதைக் குட்டி எப்படிக் கற்றுக்கொள்கிறது?

தாயின் வாயிலிருந்துதான். இரை தேடித் திரும்பிய தாயின் வாயைக் குட்டி நக்கும். அதில் ஒட்டியிருக்கும் பழத்தின் சுவையும் மணமும் அதற்குப் பழகிவிடுகின்றன. புதிய மணமுள்ள உணவைத் தின்னப் பழக்கிய தாய்களிடம் வளர்ந்த குட்டிகள், பிறகு தாமாக உண்ணத் தொடங்கும்போது அதே உணவை நாடுவதைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

எப்போது பருவமடைகிறது? பிறந்த கூடாரத்திலேயே தங்கிவிடுமா?

பெண் ஐந்தாறு மாதங்களிலேயே பருவமடைகிறது. அதனால் மார்ச்சில் பிறந்த பெண் அதே ஆண்டின் இறுதிக்குள் கருத்தாங்கி, தனக்கு ஒரு வயது நிறையும் வேளையில் தாயாகிவிட முடியும். ஆணுக்கு ஓராண்டுக்கும் மேலாகிறது; உடல் பருவமடைந்தாலும் கூடாரமும் பெண்களும் வாய்க்கும்வரை அது காத்திருக்க வேண்டியதுதான்.

ஆணும் பெண்ணும் தாம் பிறந்த கூடாரத்தை விட்டுப் பிரிந்து போய்விடுகின்றன. கூடாரத்துப் பெண்கள் தாயும் மகளுமாகவோ அக்காள் தங்கைகளாகவோ இருப்பார்கள் என்ற ஊகம் மரபணுச் சோதனையில் பொய்த்துப்போனதற்கு இதுவே காரணம்.

கையில் கிடைத்த வௌவாலின் வயதை எப்படி அறிவது?

பழக்கப்பட்ட ஆய்வாளர்கள் இரண்டு வழிகளைப் பின்பற்றுகிறார்கள். முதல் சில வாரங்களில் முன்கை எலும்பு நாள்தோறும் ஏறத்தாழ சீராக நீள்வதால் அதன் நீளமே வயதைச் சொல்லிவிடும். அதன் பின் நீளம் நின்றுபோகும் என்பதால், சிறகை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து விரல் மூட்டுகளைப் பார்க்கிறார்கள்: இளம் வௌவாலின் மூட்டில் குருத்தெலும்பு ஒளியை விடும் இடைவெளியாகத் தெரியும், வயது ஏற ஏற அது சுருங்கி, வளர்ந்த வௌவாலில் மூட்டு உருண்டு திரண்டு முற்றிலும் இருண்டிருக்கும்.

குட்டி தரையில் விழுந்து கிடந்தால் என்ன செய்வது?

வெறும் கையால் தொடக் கூடாது என்பதே முதல் விதி. அச்சுறுத்தப்பட்ட வௌவால் கடிக்கும். வௌவால்களிடம் வெறிநோய் வகையைச் சேர்ந்த கிருமிகள் இருக்கக்கூடும். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு காயத்தை 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவரிடம் சென்று தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

சுற்றிலும் பூனை, நாய், காகம் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, தடித்த கையுறை அணிந்தோ மடித்த துண்டால் பிடித்தோ, அது விழுந்த மரத்திலேயே, கால்களால் பற்றித் தொங்கக்கூடிய சொரசொரப்பான கிளையிலோ கட்டிவைத்த துணியிலோ விட்டு விலகிவிடலாம். தரையில் வைத்தால் பயனில்லை; தொங்கும் நிலையில் இருந்தால் குட்டியின் குரல் கேட்டு இரவில் தாய் வந்து எடுத்துச்செல்லும் வாய்ப்பு உண்டு. பசும்பால் புகட்டக் கூடாது. காயம்பட்டிருந்தாலோ மறுநாளும் அங்கேயே தொங்கினாலோ வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. வீட்டில் வைத்து வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு விடை, கூடாது என்பதுதான்.

நிபா பற்றிய அச்சம் 2018இல் கோழிக்கோட்டில் நோய் பரவிய பிறகு இயல்பாகவே எழுந்தது. அந்தக் கிருமியின் முதன்மை இருப்பிடமாகக் கருதப்படுவது இந்தியப் பெரும் பழந்தின்னி. ஆயினும் எந்த வௌவாலும் கடித்த பழத்தையும் தின்னாமல் தவிர்ப்பதே நல்லது.

மரங்களை எந்த மாதத்தில் கழித்தால் குட்டிகளுக்குத் தீங்கு நேராது?

பிப்ரவரி முதல் மே நடுப்பகுதி வரையும், ஜூன் முதல் செப்டம்பர் வரையும் கூடாரத்தில் பறக்க இயலாத குட்டிகள் இருக்கக்கூடும். எனவே நெட்டிலிங்கத்தைக் கவாத்து செய்வதையும் பனையின் காவோலைகளைக் கழிப்பதையும் அக்டோபர் முதல் ஜனவரி வரை வைத்துக்கொள்வது நல்லது. தவிர்க்க முடியாமல் வேறு மாதத்தில் வெட்ட வேண்டியிருந்தால், வெட்டுவதற்கு முன் பகலில் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கூடாரம் கீழ்ப்புறம் திறந்திருப்பதால் உள்ளே இருப்பவை தெரிந்துவிடும். மரத்தடியில் பழச் சக்கையும் கடித்த இலைக்காம்புகளும் சிதறிக் கிடப்பதும் ஓர் அடையாளம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்ததால், இவற்றைக் கொல்வதற்குத் தடை இல்லை என்ற எண்ணம் தோட்டக்காரர்களிடம் இன்றும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. பழம் காக்க விரும்புபவர் குலைகளுக்கும் காய்களுக்கும் துணிப்பையோ வலைப்பையோ கட்டலாம். மரம் முழுவதையும் வலையால் மூடினால் மெல்லிய நூலில் சிறகு சிக்கித் தாயும் மார்பிலிருக்கும் குட்டியும் சேர்ந்து மடிகின்றன.